டீசல் வண்டியின் புகையும் அதன் பரிகாரமும்

நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. டீசல் இயந்திரத்தைப் பொறுத்தவரையில் இப்பழமொழியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியாததனால் அதன் தீமையும் இல்லையென்று கொள்ளலாகாது என்பதே அது. ஒரு காலத்தில் டீசல் வண்டி மேட்டில் ஏறும்போது அதன் பின்னே கரும்புகை சுருள் சுருளாக எழும். அதைக் கண்டவர் எவரும் இயந்திரத்தில் ஏதோ கோளாறு உண்டென்று ஊகித்துக்கொள்வர். இன்றைய டீசல் காரோ அவ்வாறு தன் குறையை ஊருக்குக் காட்டுவதில்லை. ஓட்டுநரின் கண்முன் உள்ள பலகையில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிகின்றது. சில வேளைகளில் இயந்திரம் தன் வலுவைத் தானே குறைத்துக்கொண்டு, மேடு கண்ட மாட்டைப் போலத் தயங்கி நிற்கின்றது.

விளக்கு எரிந்தவுடன் காரின் சொந்தக்காரர் கராஜுக்குப் போகின்றார். அங்கே அவருக்குப் பெரும்பாலும் இருவகை ஆலோசனைகள் கிடைக்கின்றன. புகைவடிகட்டி பழுதாகிவிட்டது, பெருந்தொகை கொடுத்துப் புதியது வாங்குக என்பது ஒன்று. வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, விளக்கு எரியாதபடி கணினியை மாற்றி எழுதிவிடலாம் என்பது மற்றையது. முன்னையது பணத்தை வீணாக்கலாம். பின்னையது பிறர் மூச்சில் நஞ்சைக் கலக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான வழி ஒன்று உண்டு. அதை அறிவதற்கு டீசல் இயந்திரத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

பாரிஸ் நகரிற் பிறந்த ஜேர்மனியப் பொறியியலாளரான ருடோல்வ் டீசல் 1892ஆம் ஆண்டில் இவ்வியந்திரத்துக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஐந்து ஆண்டுகள் உழைத்து, 1897ஆம் ஆண்டில் ஔக்ஸ்பேர்க் நகரில் அவர் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இயந்திரம், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்களுட் பெரும்பாலானவை அதில் அரைப்பங்கைத்தானும் எட்டவில்லை. பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் முன்னரே கலந்திருக்க, மின்பொறி அதனைக் கொளுத்துகின்றது. டீசல் இயந்திரத்திலோ மின்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மட்டும் புகுகின்றது. பிஸ்டன் அதனைப் பதினைந்து மடங்குக்கும் மேலாக நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகின்றது. அந்தச் சூட்டினுள் எண்ணெய் மெல்லிய தூவலாகப் பீச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கின்றது. 1936ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரைப் பேர்லின் கண்காட்சியில் வைத்த நாளிலிருந்து, எண்ணெய்ச் சிக்கனம் வேண்டுவோருக்கு இவ்வியந்திரம் உற்ற துணையாயிற்று. ஏறக்குறைய 2011ஆம் ஆண்டளவில் மேற்கு ஐரோப்பாவில் விற்கப்பட்ட புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்களாகவே இருந்தன.

இச்சிக்கனத்துக்குக் காரணமான அதே இயல்பிலிருந்துதான் இரண்டு தீமைகளும் பிறக்கின்றன. பீச்சப்படும் எண்ணெய்த் துளியின் நடுப்பகுதியில் காற்றுப் போதாது. அங்கே எரிதல் நிறைவுறாமற் புகைக்கரி உண்டாகின்றது. துளியின் ஓரத்திலோ காற்று மிகுதி, சூடும் மிகுதி. அந்தக் கொடுஞ்சூட்டில், சாதாரணமாக ஒன்றோடொன்று சேராத நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. ஆக, ஒரே உருளைக்குள், ஒரே கணத்தில், ஓரிடத்தில் எரிவு போதாமையாலும் மற்றோரிடத்தில் எரிவு மிகுதியாலும் தீங்கு விளைகின்றது.

விறகடுப்பைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். அடுப்பை நன்றாக ஊதி எரித்தால் புகை குறையும். ஆனால் தீ கொழுந்துவிட்டு எரியும். தீயைத் தணித்தால் சட்டி கருகாது. ஆனால் அடுக்களை முழுவதும் புகை மண்டும். டீசல் இயந்திரத்தைச் சீர்செய்வோரின் நிலையும் அதுவே. எண்ணெயை முன்கூட்டியே பீச்சினால் கரி குறைகின்றது, நைதரசன் ஒட்சைட்டு கூடுகின்றது. பிந்திப் பீச்சினால் ஒட்சைட்டு குறைகின்றது, கரியும் எண்ணெய்ச் செலவும் கூடுகின்றன. ஒன்றைத் தணிக்க மற்றது தலைதூக்குகின்றது. இயந்திரத்துக்குள்ளே மட்டும் இவ்வழக்கைத் தீர்த்துவைக்க முடியாத காரணத்தால், இயந்திரத்துக்கு வெளியே, புகை செல்லும் வழியிலே, சில துணைக்கருவிகளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

சட்டமும் இதனை வற்புறுத்தியது. ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டின் முதல் விதி, டீசல் கார் ஒன்று கிலோமீற்றருக்கு 140 மில்லிகிராம் துகளை வெளிவிடலாம் என்று அனுமதித்தது. 2009ஆம் ஆண்டின் ஐந்தாம் விதி அதனை 5 மில்லிகிராமாகக் குறைத்தது. நைதரசன் ஒட்சைட்டு 2000ஆம் ஆண்டில் 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் ஆறாம் விதியில் அது 80 மில்லிகிராமாயிற்று. இவ்வெல்லைகளுள் நிற்பதற்காகவே இன்றைய டீசல் காரில் மூன்று முக்கியமான கருவிகள் இடம்பெறுகின்றன.

முதலாவது, புகையை மீளச் சுற்றுவிக்கும் வால்வு. கராஜுகளில் இதனை ஈ.ஜி.ஆர். வால்வு என்பர். வெளியேறும் புகையில் ஒரு பங்கை இது மீண்டும் உருளைக்குள் அனுப்புகின்றது. ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு மறுபடி எரியமாட்டாது. அது சூட்டை உறிஞ்சித் தீயின் கடுமையைத் தணிக்கின்றது. அதனால் நைதரசன் ஒட்சைட்டு குறைகின்றது.

இரண்டாவது, துகள்வடிகட்டி. டீ.பீ.எவ். என்ற எழுத்துகளால் இது பரவலாக அறியப்படுகின்றது. தேன்கூட்டைப் போல நுண்ணிய குழாய்கள் நிறைந்த சுட்டமண் கட்டி இது. ஒவ்வொரு குழாயும் ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். அடுத்த குழாய் மறுமுனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஆதலாற் புகையானது சுவரின் நுண்துளைகளூடாகவே வெளியேற வேண்டியிருக்கின்றது. கரி சுவரிலே தங்கிவிடுகின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பேஜோ 607 என்னும் பிரெஞ்சுக் கார் இதனைப் பெருமளவில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது, யூரியாக் கரைசலைப் புகையில் தூவும் அமைப்பு. அட்புளூ என்ற பெயரில் விற்கப்படும் இக்கரைசலில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் எஞ்சியது தூய நீருமாகும். சூடான புகையில் இது அமோனியாவாக மாறுகின்றது. அமோனியா ஓர் ஊக்கியின் முன்னிலையில் நைதரசன் ஒட்சைட்டைப் பிடித்து, தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகின்றது.

இம்மூன்றனுள்ளும் கார் வைத்திருப்போரை மிகுதியாக வருத்துவது துகள்வடிகட்டியே. வடிகட்டி என்றால் அடைபடும் என்பதில் வியப்பில்லை. தேநீர் வடியும் அடைபடுகின்றது. தேநீர் வடியைத் தட்டிக் கழுவுகின்றோர் உண்டு. காரின் வடிகட்டியைத் தட்டுவார் இல்லை. அது தன்னைத் தானே எரித்துத் துப்புரவாக்கிக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் கார் சீரான வேகத்தில் ஓடும்போது புகை 250 முதல் 400 பாகை வரை சூடாக இருக்கும். அந்நிலையில், புகையில் உள்ள நைதரசனீரொட்சைட்டே கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். அது போதாதபோது, காரின் கணினி எரிதல் முடிந்த பின்னரும் சிறிது எண்ணெயைப் பீச்சி, வடிகட்டியின் சூட்டை 600 பாகையளவுக்கு உயர்த்துகின்றது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரி எரிந்துவிடும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. நாள்தோறும் நீண்ட தூரம் ஓடும் வாடகைக் கார் ஒன்றையும், காலையிற் பிள்ளையைப் பள்ளியில் விட்டு மாலையில் சந்தைக்குப் போய் வருவதற்கு மட்டும் பயன்படும் கார் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னையதின் வடிகட்டி, பல இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும் பெரிதும் தொல்லை கொடாது. பின்னையதோ ஒருநாளும் போதிய சூட்டை அடைவதில்லை. கணினி சுத்திகரிப்பைத் தொடங்குகின்றது, மூன்றாம் நிமிடத்தில் வீடு வந்துவிடுகின்றது, இயந்திரம் நிறுத்தப்படுகின்றது. அரைகுறையாக விட்ட வேலை நாளைக்கும் அரைகுறையாகவே முடிகின்றது. இதில் இன்னொரு கேடும் உண்டு. பிந்திப் பீச்சப்பட்ட டீசல் எரியாமல் உருளையின் சுவர் வழியாக வழிந்து, கீழேயுள்ள இயந்திர எண்ணெயோடு கலக்கின்றது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்க்கும்போது மட்டம் குறைந்திருந்தால் யாவரும் கவலைப்படுவர்; உயர்ந்திருந்தால் மகிழ்வர். டீசல் காரில் எண்ணெய் மட்டம் உயர்வது நல்ல செய்தியன்று. அது எண்ணெய் நீர்த்துப்போய், இயந்திரத்தின் உராயும் பாகங்களைக் காக்கும் ஆற்றலை இழந்துவிட்டதற்கு அறிகுறி.

ஆனால் அடைப்பு எல்லாம் ஓட்டும் முறையால் வருவதன்று. வடிகட்டி புகைவழியின் கடைசியில் இருப்பது. மேலே நடக்கும் தவறுகளெல்லாம் அங்கே வந்து சேரும். வாய்க்கால் கலங்கிவந்தால் வயலைக் குறைகூறிப் பயனில்லை. எண்ணெய் பீச்சும் ஊசி ஒன்று சொட்டத் தொடங்கினால் கரி மிகுதியாகும். டர்போ என்னும் காற்றூதியின் அடைப்பு தேய்ந்தால் இயந்திர எண்ணெய் கசிந்து எரிந்து வடிகட்டியை நிரப்பும். புகை மீள்சுற்று வால்வு கரியேறித் திறந்தபடியே ஒட்டிக்கொண்டால், காற்றுக் குறைந்து புகை மண்டும். உட்செல்லும் காற்றை அளக்கும் உணரி அழுக்கேறிப் பொய்க்கணக்குச் சொன்னால், கணினி அளவு தவறி எண்ணெயைப் பீச்சும்.

இவை எல்லாவற்றிலும் எளிதாகக் கவனிக்காமல் விடப்படுவது, குளிரூட்டும் நீரின் போக்கைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ராற் என்னும் சிறு கருவி. அது திறந்தபடியே நின்றுவிட்டால் இயந்திரம் உரிய சூட்டை அடையாது. சூடு போதாத இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்திகரிப்பைக் கணினி தொடங்கவே மாட்டாது. வடிகட்டி அடைபடும், விளக்கு எரியும், பெருந்தொகையில் புது வடிகட்டி வாங்கப்படும், சில மாதங்களில் அதுவும் அடைபடும். குற்றவாளியோ மிகக் குறைந்த விலையுடைய அந்தச் சிறு கருவி! அவ்வாறே வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அமுக்கத்தை ஒப்பிடும் உணரிக்குச் செல்லும் மெல்லிய இறப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும், அடைபடாத வடிகட்டியைப் பற்றியும் பொய்முறைப்பாடு எழும்.

ஆகவே அறிவுள்ள திருத்துநர், கணினியில் தோன்றிய குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அக்குறியீடு சொன்ன பாகத்தை மாற்றிவிடுவதில்லை. காய்ச்சலைக் கண்ட வைத்தியர் வெப்பமானியை மாற்றுவாரா? இயந்திரத்தின் சூடு, காற்றின் அளவு, ஊசிகளின் நிலை, வடிகட்டியின் இருபுறத்து அமுக்க வேறுபாடு என ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக அவர் சோதிக்கின்றார். காரணம் நீங்கிய பின்னரே வடிகட்டியைச் சுத்திகரிக்கின்றார். கரியை எரித்து நீக்கலாம். ஆனால் இயந்திர எண்ணெயில் உள்ள உலோகச் சேர்வைகள் எரிந்து விடும் சாம்பல் மேலும் எரியாது. அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேரும். அதற்காகவே சாம்பல் குறைந்த இயந்திர எண்ணெயைத் தயாரிப்பாளர்கள் விதிக்கின்றனர். மலிவான எண்ணெய் ஊற்றி மிச்சம் பிடித்த பணம் பின்னர் வடிகட்டியாகத் திரும்பிவரும். எரிபொருளின் கந்தகமும் இக்கருவிகளுக்குப் பகை. ஐரோப்பாவில் 2009ஆம் ஆண்டு முதல் டீசலில் பத்து இலட்சத்துக்குப் பத்துப் பங்குக்கு மேற் கந்தகம் இருக்கலாகாது என்று விதித்ததன் காரணம் இதுவே.

இனி, இயந்திரத்தைச் சீரமைத்தல் என்னும் ரியூனிங் பற்றிப் பார்க்கலாம். பழைய டீசல் வண்டிகளில் எண்ணெய்ப் பம்பியில் ஒரு திருகாணி இருக்கும். அதைச் சற்றுத் திருப்பினால் எண்ணெய் மிகுதியாகப் பாயும், வலுவும் கூடும், புகையும் கூடும். இன்று அத்திருகாணியின் இடத்தைக் கணினியில் உள்ள எண் அட்டவணைகள் பிடித்துக்கொண்டன. எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில் என்பதை அவை வகுத்துவைக்கின்றன. இவ்வட்டவணைகளைத் திருத்தி எழுதினால் வலு கூடும் என்பது உண்மையே. ஆனால் விலையின்றி அது கிடைப்பதில்லை. காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் சென்றால் கரி கூடும். வடிகட்டி விரைவில் நிரம்பும். புகையின் சூடு ஏறும். டர்போவும் கிளச்சும் தாங்கவேண்டிய பாரம் மிகும். ரியூனிங் என்னும் சொல்லின் நேரிய பொருள் சுருதி சேர்த்தல். வீணையின் ஒரு நரம்பை மட்டும் இறுக்குவது சுருதி சேர்ப்பதாகாது. தேய்ந்த ஊசியை மாற்றி, காற்றுக் கசிவை அடைத்து, உணரிகளைத் துப்புரவாக்கி, இயந்திரம் புதிதாக இருந்த நாளின் ஒழுங்கை மீட்பதே முதலான ரியூனிங் ஆகும்.

வடிகட்டியை அகற்றிக் கணினியின் வாயையும் அடைத்துவிடும் வேலையோ ரியூனிங் ஆகாது. அது ஒளிப்பு வேலை. பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், வடிகட்டி இருக்கவேண்டிய காரில் அஃது இல்லாதிருந்தால் ஆண்டுச் சோதனையில் அக்கார் தேறாது. அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றில் புகைத்தடுப்புக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன என்று அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2020ஆம் ஆண்டிற் கணக்கிட்டது. பழைய புகைமானி புகையின் கருமையை மட்டுமே அளக்கும். நுண்துகளின் எண்ணிக்கையை அது அறியாது. நைதரசன் ஒட்சைட்டையோ அது காணவே காணாது. இதனை உணர்ந்தே பெல்ஜியம் 2022ஆம் ஆண்டிலும், நெதர்லாந்தும் ஜேர்மனியும் 2023ஆம் ஆண்டிலும் துகள்களை எண்ணும் கருவிகளைச் சோதனை நிலையங்களுக்குக் கொண்டுவந்தன.

ஒளிப்பு வேலை தனிமனிதரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் வழக்கே பெருஞ்சான்று. அந்நிறுவனத்தின் டீசல் கார்கள் அமெரிக்காவின் கடுமையான விதிகளுக்கு அமைந்தவை என்று விளம்பரம் பெற்றன. மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று, அளவைக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக் கலிபோர்னியாவின் வீதிகளில் ஓட்டிப் பார்த்தது. ஆய்வுகூடத்தில் ஒழுங்காக இருந்த கார், வீதியில் விதியின் அளவைப் பன்மடங்கு மீறியது. 2014ஆம் ஆண்டில் அம்முடிவுகள் வெளியாயின. 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் தேதி அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் குற்றத்தைப் பகிரங்கப்படுத்தியது. கார் சோதனையில் நிற்பதைக் கணினியே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகைத்தடுப்பை முழுமையாக இயக்கும் வகையில் நிரல் எழுதப்பட்டிருந்தது. வீதியில் நைதரசன் ஒட்சைட்டு விதியின் அளவைப்போல் நாற்பது மடங்கு வரை சென்றது. உலகெங்கும் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அந்நிரல் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அமெரிக்காவிற் குற்றத்தை ஏற்று, 430 கோடி டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய மாதிரிக் கார்களை வீதியிலேயே ஓட்டிச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் செய்ததும், தெருமூலைக் கராஜில் வடிகட்டியைக் கழற்றுபவர் செய்வதும் அளவில் வேறுபட்டவை, வகையில் ஒன்றே. இரண்டிலும் விளக்கு எரியவில்லை. நோய் மட்டும் இருந்தது. அந்நோயை அனுபவிப்பவர் காரின் சொந்தக்காரர் அல்லர். வீதியோரத்தில் நடப்போர், பேருந்துக்காகக் காத்து நிற்போர், பள்ளி வாயிலிலே நிற்கும் பிள்ளைகள் ஆகியோரே அதன் பயனை மூச்சில் ஏற்கின்றனர். நைதரசனீரொட்சைட்டு மூச்சுக்குழாயை உறுத்தி ஆஸ்மாவை மிகுவிக்கின்றது. கரியின் நுண்துகள் மூக்கின் மயிருக்கோ சளிக்கோ அகப்படாமல் நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைகின்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டு யூனில், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனத் திட்டமாக வகைப்படுத்தியது.

டீசல் கார் வைத்திருப்போர் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. கிட்டிய தூரம் மட்டும் ஓடவேண்டிய தேவையுடையவர் டீசல் காரை வாங்காதிருத்தலே முதற் பரிகாரம். வாங்கியவர் வாரத்துக்கு ஒருமுறையாயினும் அரைமணி நேரம் சீரான வேகத்தில் அதனை ஓட்டுதல் நன்று. இயந்திரம் ஓய்வாக நிற்கும்போது வழக்கத்துக்கு மேல் வேகமாகச் சுழன்று, சூடான வாடை வீசினால் சுத்திகரிப்பு நடைபெறுகின்றது என்று அறிந்து, இயன்றவரை அது முடியும்வரை இயந்திரத்தை நிறுத்தாதிருத்தல் வேண்டும். அவ்வேளையில் காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தவும் கூடாது. புகைக்குழாயின் சூடு தீமூட்ட வல்லது. விதிக்கப்பட்ட எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுக. அட்புளூத் தாங்கியில் வேறெதையும் ஊற்றற்க. விளக்கு எரிந்தால் நாள் கடத்தற்க. தொடக்கத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தால் தீரக்கூடியது, கடத்தினால் கழற்றித் தீர்க்கவேண்டியதாகும்.

கராஜில், "எதை மாற்றவேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னர், "இது ஏன் வந்தது?" என்று கேட்பவரே தம் பணத்தையும் காக்கின்றார், தம் அயலவரின் மூச்சையும் காக்கின்றார். விளக்கை அணைப்பது எளிது. அது எரிந்ததன் காரணத்தை நீக்குவதே திருத்தம்.